பார்க்கிங்–டாகன்ஹாம்: பி.என்.பி.யின் பன்னிரண்டு இடங்களும் போனது எப்படி

2010 மே 7 அன்று, கிழக்கு லண்டனின் பார்க்கிங்–டாகன்ஹாம் உள்ளாட்சித் தேர்தல் வாக்குகளை எண்ணி முடித்தபோது, பிரிட்டிஷ் நேஷனல் பார்ட்டி (பி.என்.பி.) என்ற தீவிர வலதுசாரிக் கட்சி அந்தக் கவுன்சிலில் வைத்திருந்த 12 இடங்களையும் இழந்திருந்தது. மொத்தம் 51 இடங்கள். ஐம்பத்தொன்றும் லேபர் கட்சிக்கு. கவுன்சில் தேர்தலோடு முந்தைய நாள் சேர்ந்தே நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் பார்க்கிங் தொகுதியில் நின்ற பி.என்.பி. தலைவர் நிக் கிரிஃபின் மூன்றாம் இடம்தான் பிடித்தார்.

மக்கள் விழித்துக்கொண்டார்கள் என்று ஒரு வரியில் சொல்லி முடித்துவிடலாம். அப்படிச் சொன்னால் இந்த நிகழ்விலிருந்து எதையும் கற்றுக்கொள்ள முடியாது. பி.என்.பி.க்கு ஓட்டுப் போட்டவர்கள் கூட்டம் கூட்டமாக மனம் மாறியதற்கு எண்களில் அடையாளம் இல்லை. அதுவரை வாக்குச்சாவடிப் பக்கமே வராதவர்கள் வந்தார்கள். அவர்கள் தானாக வரவில்லை, யாரோ போய் அழைத்து வந்தார்கள். யார் அழைத்தார்கள், என்ன சொல்லி அழைத்தார்கள் என்பதுதான் இந்த ஆய்வின் விஷயம்.

ஊர்

ஈஸ்ட்ஹாம், இல்ஃபர்ட் பக்கத் தமிழர்களுக்குப் பார்க்கிங் அடுத்த ஊர்தான். டாகன்ஹாம் அதற்கும் அப்பால். முதல் உலகப் போருக்குப் பிறகு, 1921 முதல், லண்டன் கவுன்டி கவுன்சில் இங்கே பெக்கன்ட்ரீ குடியிருப்பைக் கட்டியது. சுமார் 26,000 வீடுகள். உலகிலேயே மிகப் பெரிய அரசுக் குடியிருப்பு என்று பெயர் வாங்கியது. 1931ல் ஃபோர்டு தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. 1950களில் அங்கே சுமார் 40,000 பேர் வேலை செய்தார்கள். தொழிற்சாலையில் வேலை, கவுன்சில் வீட்டில் குடித்தனம், சங்கத்தில் சந்தா, தேர்தலில் லேபருக்கு ஓட்டு என்று மூன்று தலைமுறை ஓடியது.

இரண்டு பக்கமும் அடி விழுந்தது. 2002ல் ஃபோர்டு அங்கே கார் தயாரிப்பை நிறுத்தியது. எஞ்சின் வேலை மட்டும் மிஞ்சியது. அதற்கு முன்பே 1980ம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம் கவுன்சில் வீடுகளை அவற்றில் குடியிருப்பவர்களே தள்ளுபடி விலைக்கு வாங்க வழி செய்திருந்தது. வாங்கியவர்களுக்கு லாபம்தான். ஆனால் விற்ற வீடுகளுக்கு ஈடாகப் புதிய வீடுகள் கட்டப்படவில்லை. காலப்போக்கில் அந்த வீடுகளில் பல கைமாறி, தனியார் உரிமையாளர்களின் வாடகை வீடுகளாயின. லண்டனிலேயே வீட்டு விலை குறைந்த பகுதி என்பதால் புதிதாக வந்தவர்கள் அங்கே குடியேறினார்கள். மற்ற பகுதிக் கவுன்சில்களும் வீடில்லாத குடும்பங்களை அங்கே கொண்டுவந்து வைத்தன.

பெக்கன்ட்ரீயில் பிறந்து வளர்ந்த ஒருவர், தன் மகளுக்குக் கவுன்சில் வீடு கேட்டு வருடக்கணக்கில் காத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து வீட்டில் ஓர் ஆப்பிரிக்கக் குடும்பம் குடியேறுகிறது. அது தனியார் வாடகை வீடு என்பது அவருக்குத் தெரியாது. அவர் கண்ணுக்கு அது இன்னும் கவுன்சில் வீடுதான். ‘எனக்கு இல்லை, அவர்களுக்கு உண்டு’ என்று அவர் மனதில் பதிந்துவிடுகிறது. அவருடைய ஏக்கம் நிஜம். காரணம் என்று அவர் நம்பியது பொய். பி.என்.பி. இந்த இடைவெளிக்குள்தான் நுழைந்தது. ஆப்பிரிக்கர்கள் எசெக்ஸ் பக்கம் வீடு வாங்க 50,000 பவுண்டு வரை தரும் ரகசியத் திட்டம் இருப்பதாக ஒரு கதையைத் துண்டுப் பிரசுரமாக அடித்து விநியோகித்தது. அப்படி ஒரு திட்டமே கிடையாது. ஆனால் மறுத்துச் சொல்ல வீட்டு வாசலுக்கு யாரும் வரவில்லை. பல வார்டுகளில் லேபர் கட்சி வீடு வீடாகப் போவதையே விட்டிருந்தது. எப்படியும் ஜெயிக்கிற இடத்தில் எதற்கு நடக்க வேண்டும் என்ற மெத்தனம். பொய்ப் பிரசாரத்தைவிட இந்த மெத்தனமே பெரிய காரணம் என்பது என் கருத்து.

2004 செப்டம்பரில் கோர்ஸ்புரூக் வார்டு இடைத்தேர்தலில் பி.என்.பி. பாதிக்கும் மேல் வாக்கு வாங்கி ஜெயித்தது. 2005 நாடாளுமன்றத் தேர்தலில் பார்க்கிங் தொகுதியில் அதன் வேட்பாளர் ரிச்சர்ட் பார்ன்புரூக் 4,916 வாக்குகள், 16.9 சதவீதம். இரண்டாம் இடம் பிடித்த கன்சர்வேட்டிவ் கட்சியைவிட 27 வாக்குகள்தான் குறைவு. 2006 மே மாதம் கவுன்சில் தேர்தல்.

அங்கே ஒவ்வொரு வார்டுக்கும் மூன்று கவுன்சிலர்கள், ஒவ்வொரு வாக்காளருக்கும் மூன்று ஓட்டு. அதிக வாக்கு வாங்கிய மூவர் உள்ளே. பி.என்.பி. மொத்தம் 13 பேரை மட்டுமே நிறுத்தியது. அதனால் ஒருவர் இரண்டு ஓட்டை வழக்கமான கட்சிக்குப் போட்டுவிட்டு, ‘ஒரு பாடம் கற்பிப்போம்’ என்று மூன்றாவதை பி.என்.பி.க்குப் போட முடிந்தது. பதின்மூவரில் பன்னிரண்டு பேர் கவுன்சிலுக்குள் போனார்கள், பி.என்.பி. பிரதான எதிர்க்கட்சியாக உட்கார்ந்தது. வாக்களித்தவர்கள் பத்துப் பேரில் நான்கு பேருக்கும் குறைவு.

தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு, பார்க்கிங்கின் லேபர் எம்.பி. மார்கரெட் ஹாட்ஜ், தன் தொகுதியில் பத்தில் எட்டு வெள்ளையினக் குடும்பங்கள் பி.என்.பி.க்கு வாக்களிக்கலாமா என்ற சபலத்தில் இருப்பதாகப் பத்திரிகைப் பேட்டியில் சொன்னார். எச்சரிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் தயங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அது ‘எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள் போல’ என்ற துணிச்சலைக் கொடுத்தது. அவர் கட்சிக்குள்ளேயே பலர் கொதித்தார்கள். எதிரியின் பலத்தை மேடையில் அளந்து சொல்வது அவனுக்குச் செய்யும் இலவசப் பிரசாரமாகிவிடும். எந்த ஊரிலும் இந்தத் தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது.

முன்கதை: மில்வால், 1993

சில மைல் மேற்கே, டவர் ஹாம்லெட்ஸ் பகுதியின் மில்வால் வார்டில் இதே கதையின் சிறிய வடிவம் முன்பே நடந்திருந்தது. ஒருபுறம் கேனரி வார்ஃப் கோபுரம் எழும்பி நிற்க, பக்கத்தில் பழைய துறைமுகத் தொழிலாளர் குடும்பங்கள் வீட்டுக்குக் காத்திருந்தன. உள்ளூர்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு வீட்டில் முன்னுரிமை என்ற திட்டத்தை அப்போது கவுன்சிலை ஆண்ட லிபரல் டெமாக்ரட்டுகளே நடத்தினார்கள். அப்படிச் செய்தால் பி.என்.பி.யின் காற்று இறங்கிவிடும் என்று நினைத்தவர்கள் உண்டு. உண்மையில் ‘வெள்ளையருக்கு உரிமை’ என்ற முழக்கத்துக்கு அது மரியாதை தேடிக் கொடுத்தது. 1993 செப்டம்பர் 16 இடைத்தேர்தலில் பி.என்.பி.யின் டெரெக் பீக்கன் 1,480 வாக்குகள் பெற்றார், லேபர் 1,473. ஏழு ஓட்டு வித்தியாசம்.

எட்டு மாதத்தில் மறுபடி தேர்தல். இடைப்பட்ட காலத்தில் பெரிய பேரணிகள் நடந்தன; அக்டோபரில் வெல்லிங்கில் இருந்த பி.என்.பி. புத்தகக் கடையை நோக்கிப் போன பேரணி போலீசோடு மோதலில் முடிந்தது. இதற்கிடையே வார்டுக்குள் சத்தமில்லாமல் வேறொரு வேலை ஓடியது. அங்கே ஆங்கிலிக்கன் பங்குத்தந்தையாக இருந்த நிக்கலஸ் ஹோல்டம் உள்ளிட்ட திருச்சபையினர், குடியிருப்போர் சங்கத்தினர், லேபர் கட்சித் தொண்டர்கள், வங்காளதேசக் குடும்பங்கள் என்று பலரும் அவரவர் வட்டத்தில் வாக்காளர்களைச் சேர்த்தார்கள். 1994 மேயில் பீக்கன் தோற்றார். அந்தத் தேர்தலில் அவர் வாங்கிய வாக்கு 2,041. ஜெயித்தபோது வாங்கியதைவிட ஐந்நூறுக்கும் மேல் அதிகம்! அவருடைய ஆதரவு குறையவே இல்லை, மற்றவர்கள் எண்ணிக்கைதான் அதையும் தாண்டி உயர்ந்தது. பார்க்கிங்கில் இறங்கியவர்கள் இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்திருந்திருக்க வேண்டும். அவர்கள் செய்தது அப்படித்தான் இருந்தது.

இரண்டு வேலை, இரண்டு ஆட்கள்

2006க்கும் 2010க்கும் நடுவே நிலைமை மோசமானது. 2008ல் பார்ன்புரூக் லண்டன் அசெம்பிளி உறுப்பினரானார். 2009ல் கிரிஃபினும் ஆண்ட்ரூ பிரான்ஸும் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்குப் போனார்கள். கவுன்சிலையே பிடித்துவிடலாம் என்று பி.என்.பி. வெளிப்படையாகப் பேசியது.

எதிர்ப்பக்கம் நடந்த வேலையை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, கோபத்தில் இருந்தவர்களிடம் திரும்பப் போவது. அது கட்சியின் வேலை, எம்.பி.யின் வேலை. மற்றது, ஓட்டே போடாதவர்களைக் கொண்டுவருவது. அது கட்சி சாராத கூட்டணியின் வேலை. இரண்டையும் ஒரே ஆள் செய்ய முடியாது. குப்பை அள்ளவில்லை என்று கோபமாக இருப்பவரிடம் கவுன்சிலர்தான் பதில் சொல்ல வேண்டும். அவரிடம் ஓர் இயக்கத் தொண்டர் போய் ‘பாசிசம் ஆபத்து’ என்றால் கதவு சாத்தப்படும்.

ஹாட்ஜ் தெருத் தெருவாகக் கடிதம் போட்டு, டீ குடிக்க வாருங்கள் என்று கூப்பிட ஆரம்பித்தார். மேடை கிடையாது, உரை கிடையாது. மேசை மேசையாகப் போய் உட்கார்ந்து கேட்பது. வந்தவர்கள் முதலில் குடியேற்றத்தைப் பற்றித்தான் பேசுவார்கள்; கொஞ்சம் பொறுத்தால் பேச்சு தெரு விளக்கு, பஸ், குப்பை, இளைஞர் தொல்லை என்று இறங்கும். தீர்க்கக்கூடியதை எழுதிக்கொண்டு போய், என்ன ஆயிற்று என்று மறுபடி கடிதம். இது வருடக்கணக்கில் நடந்தது. எகிப்தில் ஒரு யூத அகதிக் குடும்பத்தில் பிறந்து, குழந்தையாகப் பிரிட்டனுக்கு வந்தவர் அவர். குடியேறிகளைத் திட்டுபவர்களின் எதிரில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்பது அவருக்கு எளிதாக இருந்திருக்காது.

அவர் செய்ததில் எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. 2007ல், கவுன்சில் வீடு ஒதுக்கும்போது புதிதாக வந்தவர்களின் தேவைக்கு மேல் நெடுநாள் உள்ளூர்வாசிகளின் உரிமைக்கு எடை தரவேண்டும் என்று எழுதினார். அரசில் இருந்த சகாக்களே கண்டித்தார்கள். பி.என்.பி. ‘நாங்கள் சொன்னதைத்தான் அவரும் சொல்கிறார்’ என்றது. மில்வாலில் பார்த்த அதே பள்ளம். எதிர்க்கட்சியின் கோரிக்கையைப் பாதி ஏற்றுக்கொண்டால் அதன் வாக்காளர் முழுதாகத் தருபவரிடம்தான் போவார். டீ மேசைகள் செய்த நன்மையை அந்தக் கட்டுரை கொஞ்சம் கெடுத்தது என்றே நினைக்கிறேன்.

சரி, இரண்டாவது வேலைக்கு வருவோம்.

வராதவர்களைத் தேடி

இனவெறியை எதிர்க்கும் ஹோப் நாட் ஹேட் இயக்கம் 2004ல் நிக் லோல்ஸ் தலைமையில் தொடங்கியது. 2010ல் அது பார்க்கிங்கில் அலுவலகம் போட்டு உட்கார்ந்தது. தொழிற்சங்கங்கள் பணமும் ஆட்களும் தந்தன. டெய்லி மிரர் பத்திரிகையும் துணை நின்றது. பார்க்கிங்கில் பிறந்த பாடகர் பில்லி பிராக் ஊருக்கு வந்து தெருவில் இறங்கினார். வெளியூர்களிலிருந்தும் தொண்டர்கள் வந்தார்கள். ஒரே நாளில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் துண்டுப் பிரசுரம் கொடுத்த நாள் உண்டு.

ஆனால் ஆள் எண்ணிக்கையைவிட அவர்கள் வாக்காளர்களைப் பிரித்துப் பார்த்த விதம்தான் முக்கியம். எல்லா வீட்டுக்கும் ஒரே தாள் போகவில்லை. பெண்களுக்கு ஒன்று, ஓய்வூதியர்களுக்கு ஒன்று, ஆப்பிரிக்கத் திருச்சபைக் குடும்பங்களுக்கு ஒன்று. இரண்டாம் உலகப் போரை நினைவில் வைத்திருக்கும் முதியவரிடம் பேசுவதற்கும், இரண்டு குழந்தைகளோடு வேலைக்குப் போகும் தாயிடம் பேசுவதற்கும் ஒரே வாசகம் உதவாது. தொழிற்சங்கங்கள் தங்கள் உறுப்பினர்களுக்குத் தாங்களே எழுதின. முன்பின் தெரியாத அமைப்பு அனுப்பும் கடிதத்தையும், இருபது வருடம் சந்தா கட்டிய சங்கத்தின் கடிதத்தையும் மனிதர்கள் ஒரே மாதிரி பிரிப்பதில்லை.

நம் வாசகர்கள் பலருக்குத் தெரியாத ஒரு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். காமன்வெல்த் நாடுகளின் குடிமக்கள், பிரிட்டனில் சட்டப்படி வசித்தால், பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இல்லாமலேயே எல்லாத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். நைஜீரியா, கானா மட்டுமல்ல. இந்தியா, இலங்கையும் இதில் அடக்கம். ‘நமக்கு ஏது ஓட்டு’ என்று ஒதுங்கியிருக்கும் எத்தனையோ குடும்பங்கள் உண்மையில் வாக்காளர்கள். ஆனால் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். 2010ல் வீட்டுக்கு ஒரு படிவம், வீட்டில் ஒருவர் நிரப்புவது என்ற முறை இருந்தது. பல குடும்பங்கள் பகிர்ந்து வாழும் வாடகை வீட்டில் அந்தப் படிவம் யார் கையில் சிக்கும்? அந்த மே மாதத் தேர்தலுக்குப் பெயர் சேர்க்கக் கடைசி நாள் ஏப்ரல் 20. அதற்குப் பிறகு எவ்வளவு ஆர்வம் பொங்கினாலும் பயனில்லை. இப்படிப்பட்ட இடங்களில் பிரசாரத்தின் உண்மையான கடைசி நாள் வாக்குப்பதிவுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் முன்பே வந்துவிடுகிறது.

இந்த வேலைக்குத் திருச்சபை, மசூதி, கோயில் எல்லாம் வேண்டும். அங்கே ஒரு சிக்கல் உண்டு. இங்கிலாந்தில் பதிவுபெற்ற அறநிலையங்கள் ஒரு கட்சியை ஆதரிக்கவோ எதிர்க்கவோ சட்டம் அனுமதிப்பதில்லை. ஆனால் ‘பட்டியலில் பெயர் சேருங்கள், தேர்தலன்று போய் ஓட்டுப் போடுங்கள்’ என்று சொல்லத் தடையில்லை. பரந்த கூட்டணியை எப்படிக் கட்டுவது என்பதற்கு இந்தச் சட்ட வரம்பே ஒரு வழிகாட்டி. குடியேற்றக் கொள்கை, வரி, போர், பாலினம் என்று எல்லாவற்றிலும் ஒத்துப்போகிறவர்களை மட்டும் சேர்த்தால் ஓர் அறை நிறையும். பெந்தகொஸ்தே போதகரும் இடதுசாரி சங்கச் செயலாளரும் பக்கத்தில் நிற்க வேண்டும் என்றால், கேட்பது ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும்: இந்தக் கட்சி நம் ஊரை ஆளக்கூடாது, அதற்கு எல்லோரும் ஓட்டுப் போட வேண்டும். யாருக்கு என்பதைக் கூட்டணி சொல்லாது. லேபர் கட்சிக்கு இதில் கிடைக்கும் லாபம் வெளிப்படை என்பதால், மற்றவர்கள் இதைச் சந்தேகத்தோடு பார்ப்பது நியாயம்தான். அந்தச் சந்தேகத்துக்கு மதிப்புக் கொடுத்து, கட்சிக் கொடிகளைத் தள்ளிவைத்த இடங்களில்தான் கூட்டணி நிலைக்கிறது.

இயக்கங்களுக்குள் சண்டை இல்லாமல் இல்லை. 2003ல் தொடங்கிய யுனைட் அகெய்ன்ஸ்ட் ஃபாசிசம் அமைப்பு பி.என்.பி.யை நேராக நாஜிக் கட்சி என்று அழைத்து, பேரணியிலும் எதிர்ப்பிலும் இறங்க வேண்டும் என்றது. கிரிஃபினின் பழைய பேச்சுகளைப் பார்த்தால் அந்தச் சொல் பொய்யில்லை. ஆனால் வாசலில் நிற்கும் ஒருவரிடம் ‘நீ நினைக்கும் கட்சி நாஜிக் கட்சி’ என்றால், ‘அப்போ என்னை நாஜி என்கிறாயா’ என்றுதான் அவர் காதில் விழும். ‘உங்கள் வார்டின் பி.என்.பி. கவுன்சிலர் நான்கு வருடத்தில் எத்தனை கூட்டத்துக்கு வந்தார், என்ன செய்து கொடுத்தார்’ என்று கேட்டால் பேச்சு தொடரும். தாக்கப்படும் சமூகங்களுக்கு ‘நாங்கள் இருக்கிறோம்’ என்று காட்டப் பேரணி அவசியம். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. வார்டில் ஓட்டாக மாறியது வாசல் பேச்சு.

எதிரியின் கையும், அதிர்ஷ்டமும்

நேர்மையாகச் சொன்னால், பி.என்.பி. தானும் நிறையக் கெடுத்துக்கொண்டது. தேர்தல் ஒளிபரப்பு ஒன்றில் மார்மைட் என்ற ரொட்டிப் பூச்சு பாட்டிலின் படத்தைப் போட்டு, அதைத் தயாரிக்கும் யூனிலீவர் நிறுவனத்தோடு சட்டச் சிக்கலில் மாட்டியது. தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு அதன் இணையதளத்தை நடத்தியவரே தலைமையோடு முறைத்துக்கொண்டு தளத்தை இழுத்து மூடினார். தேர்தலுக்கு முந்தைய நாள், லண்டன் அமைப்பாளர் பாப் பெய்லி தெருவில் ஆசிய இளைஞர்களோடு அடிதடியில் இறங்கிய காட்சி தொலைக்காட்சியில் ஓடியது.

அதைவிடப் பெரிய விஷயம், கவுன்சில் தேர்தலும் நாடாளுமன்றத் தேர்தலும் ஒரே நாளில் வந்தது. இயக்கம் எதுவும் இல்லாவிட்டாலும் வாக்குப்பதிவு நன்றாக ஏறியிருக்கும். எவ்வளவு ஏற்றம் இயக்கத்தால், எவ்வளவு தேதியால் என்று பிரித்துச் சொல்ல முடியாது. 2010 போலவே இன்னொரு ஊரில் செய்தால் அதே விளைவு வரும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள்; வெறும் கவுன்சில் தேர்தல் மட்டும் வரும் வருடத்தில் இந்த வேலை இன்னும் கடினம்.

எண்கள்

பார்க்கிங் தொகுதியில் ஹாட்ஜ் பெற்றது 24,628 வாக்குகள், 54.3 சதவீதம், இரண்டாம் இடம் பிடித்த கன்சர்வேட்டிவ் வேட்பாளரைவிட 16,555 அதிகம். கிரிஃபினுக்கு 6,620, அதாவது 14.6 சதவீதம். 2005ல் பார்ன்புரூக் வாங்கிய 4,916 வாக்கோடு ஒப்பிட்டால் எண்ணிக்கை கூடியிருக்கிறது, சதவீதம் குறைந்திருக்கிறது. நடுவில் தொகுதி எல்லை மாறியதால் இரண்டையும் நேராக ஒப்பிடக்கூடாது. ஆனாலும் மில்வாலில் கண்ட அதே வடிவம் தெரிகிறது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், இத்தனை பிரசாரத்துக்குப் பிறகும், கட்சித் தலைவருக்கே ஓட்டுப் போட்டார்கள். அவர்கள் மறுநாளும் அதே தெருவில்தான் இருந்தார்கள்.

அதற்கப்புறம் என்ன ஆயிற்று? 2014, 2018, 2022 மூன்று தேர்தலிலும் லேபர் 51க்கு 51 இடங்கள் பிடித்தது. எதிர்க்கட்சியே இல்லாத கவுன்சில். பி.என்.பி. நாடு முழுவதும் சிதைந்து போனது. 2001 கணக்கெடுப்பில் சுமார் 81 சதவீதமாக இருந்த வெள்ளை பிரிட்டிஷ் மக்கள் 2011ல் பாதிக்குச் சற்றுக் குறைவானார்கள். ஆனால் பக்கத்து டாகன்ஹாம்–ரெயின்ஹாம் தொகுதியில் 2019ல் லேபரின் ஜான் க்ரடாஸ் வெறும் 293 வாக்கில் தப்பித்தார். அந்த வாக்கு கன்சர்வேட்டிவ் கட்சிக்குப் போனது. அது தீவிர வலதுசாரி வாக்கு என்று சொல்வது தவறு. ஆனால் பழைய கோபத்தில் ஒரு பங்கு அங்கே இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். 2010ல் வெளியூர்த் தொண்டர்கள் வீடு திரும்பிய பிறகு, கவுன்சில் வீட்டுக்கான காத்திருப்புப் பட்டியல் பிரச்சினை அப்படியே இருந்தது.

இன்று இதே வேலையை எடுப்பவர்களுக்கு இரண்டு விதிகள் மாறியிருக்கின்றன. 2014 முதல் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பெயர் பதிய வேண்டும்; வீட்டில் ஒருவர் எல்லோருக்கும் நிரப்பிவிட முடியாது. 2023 மே முதல் இங்கிலாந்தின் உள்ளாட்சித் தேர்தலில் வாக்குச்சாவடிக்குப் புகைப்பட அடையாளம் கொண்டுபோக வேண்டும். காமன்வெல்த் நாட்டு பாஸ்போர்ட் செல்லும். அது கையில் இல்லாதவர்களுக்கு வாக்காளர் அதிகாரச் சான்று இலவசமாகக் கிடைக்கும், ஆனால் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே வாசலில் கேட்க வேண்டிய கேள்விகள் இப்போது மூன்று: வீட்டில் எத்தனை பேருக்குப் பெயர் இருக்கிறது, எல்லோரிடமும் அடையாளம் இருக்கிறதா, தபால் ஓட்டு வேண்டுமா. இதைக் கேட்க யார் போவது என்பதை, அந்தத் தெருவில் ஏற்கெனவே தெரிந்த முகம் யார் என்று பார்த்து முடிவு செய்ய வேண்டும். முதல் சுற்றைத் தேர்தலுக்கு ஒரு வருடம் முன்பே தொடங்கினால்தான், இல்லை என்று பதில் வரும் வீடுகளுக்கு மறுபடி போக நேரம் இருக்கும்.